ஆன்ட், மேவன், கிரேடில் ஒன்றாக ஓடும் இடத்தில் கிளாஸ்பாத் சிக்கலைத் தீர்ப்பது: முழுமையான வழிகாட்டி

"அண்ணா, என்ர லாப்டொப்பில வடிவா ஓடுது. சேர்வரில போட்டா விழுகுது."

கொக்குவிலில் இருக்கும் எங்கள் சிறிய ஒப்பீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி இதைச் சொன்னபோது பின்னேரம் நாலு மணி. இரண்டு நாள் தனியாகப் போராடிவிட்டுத்தான் வந்திருந்தார். கிரேடில் கோப்பில் ஒரு லைப்ரரியின் வேர்ஷனைக் கூட்டியிருந்தார், பிறகு குறைத்திருந்தார், லிப் கோப்புறைக்குள் இன்னும் இரண்டு ஜார்களை (ஜாவா கிளாஸ்களைப் பொதிந்த கோப்புகள்) கொண்டுவந்து போட்டிருந்தார். பிழை போகவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் வந்தது.

"இனி ஒண்டையும் மாத்தாதையும். எந்த ஜாரில இருந்து எடுக்குது எண்டு முதல்ல பாப்பம்" என்றேன்.

ஆன்ட், மேவன், கிரேடில் மூன்றும் ஜாவா கோடைக் கட்டும் கருவிகள். கிளாஸ்பாத் என்பது ஜாவா கிளாஸ்களைத் தேடும் ஜார்களினதும் கோப்புறைகளினதும் பட்டியல். நாங்கள் பராமரிக்கும் அந்தக் கணக்கு மென்பொருள் ஆன்டில் பிறந்தது. இடையில் வந்தவர்கள் பொதுவான பகுதியை மேவனுக்கு மாற்றினார்கள். அறிக்கை எடுக்கும் பகுதியைக் கடைசியாக நாங்கள் கிரேடிலில் எழுதினோம். இப்படி மூன்று கருவிகளும் ஒரே வீட்டில் குடியிருக்கும் புரொஜெக்ட்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு கருவிக்கு மாற்ற நேரமும் காசும் யாரிடமும் இல்லை. அதனால் அவை சேர்ந்து வாழும் இடத்தில் சிக்கலைப் பிடிக்கப் பழகத்தான் வேண்டும்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் நாங்கள் வாயால் சொல்லுகிற மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: பிழையின் பெயரை முழுதாக வாசியுங்கள்

"கிளாஸ் இல்லையாம்" என்று சுருக்கிவிட்டால் பாதித் தகவல் போய்விடும். பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் நோய் வேறு.

கிளாஸ்-நொட்-ஃபவுண்ட்-எக்செப்ஷன் என்றால், ஓடும் நேரத்தில் ஏதோ ஒரு கோட் பெயரைச் சொல்லிக் கிளாஸைக் கேட்டிருக்கிறது. கிளாஸ்பாத் பட்டியலில் அது இல்லை. டேட்டாபேஸ் டிரைவர்கள், பிளகின்கள், ஆன்டின் டாஸ்க்டெஃப் எல்லாம் இப்படித்தான் கேட்கும். நோ-கிளாஸ்-டெஃப்-ஃபவுண்ட்-எரர் என்றால், கொம்பைல் செய்யும்போது இருந்த கிளாஸ் ஓடும்போது இல்லை. இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. செய்தியில் "குட் நொட் இனிஷியலைஸ் கிளாஸ்" என்று இருந்தால் கிளாஸ் இருக்கிறது, அதன் ஸ்டாட்டிக் பகுதி முன்பே ஒருமுறை விழுந்திருக்கிறது. அப்போது லொக்கில் மேலே போய் முதலாவது பிழையைத் தேடுங்கள். கிளாஸ்பாத்தைக் கிண்டி நேரம் வீணாக்க வேண்டாம்.

நோ-சச்-மெதட்-எரர் வந்தால் நான் ஒருவகையில் நிம்மதி அடைவேன். கிளாஸ் இருக்கிறது, வேர்ஷன்தான் பிழை என்று அது நேரடியாகச் சொல்லிவிடுகிறது. ஒரே பெயருள்ள கிளாஸை அதே பெயருக்கு மாற்ற முடியாது என்று கிளாஸ்-காஸ்ட்-எக்செப்ஷன் வந்தால், ஒரே கிளாஸை இரண்டு கிளாஸ்லோடர்கள் தனித்தனியே ஏற்றியிருக்கின்றன.

படி 2: எந்த ஜாவா என்று பாருங்கள்

இது இரண்டு நிமிட வேலை. ஆனாலும் தவிர்க்க வேண்டாம். "ஜாவா -வேர்ஷன்" காட்டுவது ஒன்று, ஜாவா_ஹோம் காட்டுவது இன்னொன்று என்று இருப்பது சாதாரணம். மேவனும் கிரேடிலும் தங்கள் வேர்ஷன் கட்டளையில் எந்த ஜாவாவில் ஓடுகின்றன என்று சேர்த்தே சொல்லும். ஆன்டில் "-டயக்னொஸ்டிக்ஸ்" கொடுங்கள்.

அன்சப்போர்ட்டட்-கிளாஸ்-வேர்ஷன்-எரர் வந்தால் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. கிரேடில் 17 இலும் ஆன்ட் 8 இலும் ஓடினால், கிரேடில் 17 க்காகக் கட்டியதை ஆன்ட் திறக்க முடியாது. பழைய ஆன்ட் கோப்புகளில் டூல்ஸ்.ஜார் என்ற பெயரைக் கண்டால் அதையும் குறித்து வையுங்கள். ஜாவா 9 இலிருந்து அந்தக் கோப்பே கிடையாது.

படி 3: எத்தனை கிளாஸ்பாத் இருக்கிறது என்று எண்ணுங்கள்

பெரும்பாலானவர்கள் வழுக்கும் இடம் இதுதான். கிளாஸ்பாத் என்ற ஒரு பொருள் எங்கோ இருக்கிறது, அதில் ஜாரைச் சேர்த்தால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது நான்கு பட்டியல்கள்: கருவி தான் ஓடுவதற்கு வைத்திருப்பது, கொம்பைல் செய்வதற்கு, டெஸ்டுக்கு, ஓட்டுவதற்கு. மூன்று கருவி என்றால் பன்னிரண்டு. கடைசியில் சேர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் தானாகக் கட்டுகிற பதின்மூன்றாவதும் இருக்கிறது.

மேவனில், பிளகின் ஒன்றுக்குத் தேவையான ஜாரைப் புரொஜெக்டின் சார்புகளுக்குள் (அதற்குத் தேவைப்படும் லைப்ரரிகளின் பட்டியல்) எழுதினால் பிளகினுக்கு அது தெரியாது. அந்தப் பிளகினின் சொந்தச் சார்புப் பகுதிக்குள்தான் எழுத வேண்டும். கிரேடிலிலும் பில்ட்ஸ்கிரிப்டுக்கான பட்டியல் வேறு, உங்கள் கோடுக்கான பட்டியல் வேறு.

ஆன்டில் நிலைமை எதிர்மாறு. அங்கே சுவர் மெல்லியது. ஆன்ட் தன் லிப் கோப்புறையையும், உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் உள்ள .ஆன்ட் கோப்புறையின் லிப்பையும், கிளாஸ்பாத் என்ற சூழல் மாறியையும் சேர்த்துக்கொள்கிறது. போதாததற்கு, ஜாவாசி டாஸ்க் ஆன்டின் சொந்த ஜார்களையும் உங்கள் கொம்பைல் பட்டியலின் கடைசியில் ஒட்டிவிடும். "இன்க்ளூட்-ஆன்ட்-ரன்டைம் வோஸ் நொட் செட்" என்று ஒரு எச்சரிக்கை ஒவ்வொரு பில்டிலும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அதைக் கடந்து போகிறார்கள். அந்தப் பண்பை ஃபோல்ஸ் என்று வையுங்கள். உங்கள் மிசினின் ஆன்டில் யாரோ என்றோ போட்ட ஜார் ஒன்றை நம்பி கோட் கொம்பைல் ஆகிக்கொண்டிருந்தால் அன்றைக்கே வெளியில் வந்துவிடும். "-நோகிளாஸ்பாத்", "-நோயூசர்லிப்" என்ற இரண்டையும் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதோடு மற்றக் கள்ளக் கதவுகளும் பூட்டப்படும்.

படி 4: பட்டியல்களை வெளியே எடுங்கள்

ஜேவிஎம் (ஜாவா கோடை ஓட்டும் இயந்திரம்) கிளாஸ் தேடும் முறை ஊரில் வீடு தேடுவது மாதிரி. கோண்டாவிலில் ஓர் ஒழுங்கைக்குள் போய் "மாஸ்டர் வீடு எது" என்று கேட்டால், முதலில் எதிர்ப்படும் மாஸ்டர் வீட்டைக் காட்டிவிடுவார்கள். நீங்கள் தேடிய மாஸ்டர் பத்து வீடு தள்ளி இருப்பார். ஜேவிஎம்மும் பட்டியலை முன்னிருந்து பார்த்து, பெயர் பொருந்தும் முதல் கிளாஸை எடுத்துக்கொள்ளும். அடுத்ததைப் பார்க்கவே பார்க்காது. ஆகவே என்னென்ன ஜார் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்த வரிசையில் இருக்கிறது என்பதும் வேண்டும்.

மேவனில் "டிபெண்டென்சி:பில்ட்-கிளாஸ்பாத்" முழுப் பட்டியலையும் தரும். எம்டெப்.அவுட்புட்ஃபைல் என்ற பண்பில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதற்குள் எழுதும். இன்க்ளூட்ஸ்கோப்பை ரன்டைம் என்று வையுங்கள். வைக்காவிட்டால் டெஸ்ட் லைப்ரரிகளும் கலந்து வந்து உங்களைக் குழப்பும்.

கிரேடிலில் சின்ன டாஸ்க் ஒன்றை எழுதுங்கள். அதன் டூலாஸ்டுக்குள் கொன்ஃபிகரேஷன்ஸ்.ரன்டைம்கிளாஸ்பாத்.ஆஸ்பாத் என்பதை அச்சிட்டால் போதும். ஒரு வேர்ஷன் ஏன் வந்தது என்று அறிய "டிபெண்டென்சிஇன்சைட்" கட்டளைக்கு லைப்ரரியின் பெயரையும் கொன்ஃபிகரேஷனின் பெயரையும் கொடுங்கள். யார் கூட்டிவந்தது, எதை எது தள்ளியது என்று அது விளக்கமாகச் சொல்லும். ஆன்டில் பாத்கன்வேர்ட் டாஸ்கால் பாத்தைப் பண்பாக மாற்றி எக்கோ செய்யுங்கள்.

இவை மூன்றும் கருவிகள் சொல்வது. உண்மையில் நடப்பதை ஜேவிஎம்மிடம் கேட்க வேண்டும். "-வெர்போஸ்:கிளாஸ்" கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு கிளாஸும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று வரிவரியாக எழுதும். ஜாவா 9 இலிருந்து "-எக்ஸ்லொக்:கிளாஸ்+லோட்" என்றும் கொடுக்கலாம். வெளியீடு பல ஆயிரம் வரி வரும். கோப்பில் சேமித்து, சந்தேகமுள்ள கிளாஸின் பெயரை கிரெப்பில் தேடுங்கள். சேர்வரை நிறுத்த முடியாது என்றால் ஜேசிஎம்டியில் புரொசெஸ் எண்ணையும் "விஎம்.சிஸ்டம்_புரொப்பர்ட்டீஸ்" என்பதையும் கொடுங்கள். ஜாவா.கிளாஸ்.பாத் என்ற வரியில் நடப்பில் உள்ள வரிசை அப்படியே இருக்கும்.

எங்கள் தம்பியின் சிக்கல் இந்தப் படியில்தான் பிடிபட்டது. சேர்வரின் லிப் கோப்புறைக்குள், ஜேசன் தரவை வாசிக்கும் ஜாக்சன் லைப்ரரியின் ஒரு பகுதியான ஜாக்சன்-கோர் 2.9.8 உம் 2.15.2 உம் இரண்டும் இருந்தன. பழையது ஆன்ட் காலத்தில் கையால் போட்டது. புதியது கிரேடில் கொண்டுவந்தது. ஜாக்சன்-டேட்டாபைண்ட் மட்டும் 2.15.2; அதன் பழைய ஜாரை யாரோ முன்பு அழித்திருந்தார்கள், கோரை விட்டுவிட்டார்கள். புதிய டேட்டாபைண்ட், கோரில் 2.12 இல் அறிமுகமான ஸ்ட்ரீம்-ரீட்-கேப்பபிலிட்டி என்ற கிளாஸைக் கேட்கிறது. 2.9.8 இல் அது இல்லை.

சரி, லாப்டொப்பில் எப்படி ஓடியது? இரண்டு இடத்திலும் அதே கோப்புகள்தானே? ஸ்கிரிப்டில் கிளாஸ்பாத்தை "லிப்/*" என்று எழுதியிருந்தோம். நட்சத்திரக் குறி அந்தக் கோப்புறையில் உள்ள ஜார்களை விரிக்கும். ஆனால் எந்த வரிசையில் விரிக்கும் என்பதற்கு ஜாவா எந்த உறுதியும் தருவதில்லை. லாப்டொப்பில் புதிய கோர் முன்னுக்கு வந்தது, சேர்வரில் பழையது முன்னுக்கு வந்தது. தம்பி ஜார்களைச் சேர்த்தபோதெல்லாம் பிழையின் பெயர் மாறியதற்கும் அதே காரணம்தான்.

இன்னும் இரண்டு விடயம். நட்சத்திரம் உள்கோப்புறைகளுக்குள் போகாது. ஜாவாவை "-ஜார்" என்று ஓட்டினால் நீங்கள் கொடுக்கும் கிளாஸ்பாத் ஒப்ஷனும் சூழல் மாறியும் கணக்கில் எடுக்கப்படாது. மெனிஃபெஸ்ட் கோப்பிலுள்ள கிளாஸ்-பாத் வரி மட்டுமே செல்லும்.

ஒரே கிளாஸ் எத்தனை ஜாரில் இருக்கிறது என்று லினக்ஸில் பார்க்க எளிய வழி இருக்கிறது. கிளாஸின் முழுப்பெயரில் புள்ளிகளைச் சாய்கோடாக மாற்றி, எல்லா ஜார்களின் மீதும் "கிரெப் -எல்" ஓட்டுங்கள். ஜாருக்குள் உள்ளடக்கம் சுருக்கப்பட்டிருந்தாலும் கோப்புப் பெயர்கள் சுருக்கப்படாமல் இருப்பதால் இது வேலை செய்யும்.

படி 5: ஒரே சார்பு, இரண்டு தீர்ப்பு

மேவனும் கிரேடிலும் ஒரே களஞ்சியத்திலிருந்து, ஒரே எழுத்துச் சார்புகளோடு தொடங்கினாலும் வேறு வேர்ஷன்களில் போய் நிற்கலாம். இது பிழை அல்ல, இரண்டின் விதியும் வேறு.

மேவனுக்கு உங்கள் புரொஜெக்டிலிருந்து எது கிட்ட இருக்கிறதோ அது வெல்லும். ஒரு லைப்ரரியின் 1.2 இரண்டாம் படியிலும் 1.8 மூன்றாம் படியிலும் வந்தால் 1.2 தான். ஒரே ஆழத்தில் இரண்டு வந்தால் முதலில் எழுதியது வெல்லும். அதாவது போம் கோப்பில் (மேவனுக்குச் சார்புகளை எழுதும் கோப்பு) இரண்டு சார்புகளின் இடத்தை மாற்றினாலே விளைவு மாறக்கூடும். கிரேடில், வேறெதுவும் சொல்லாவிட்டால், வந்தவற்றுள் உயர்ந்த வேர்ஷனை எடுக்கும். அதே உதாரணத்தில் 1.8. ஆன்ட் தீர்ப்பே சொல்லாது. கோப்புறையில் இருப்பதை எல்லாம் வைத்துக்கொள்ளும். இப்போது மேவன் கட்டிய ஜாரையும் கிரேடில் கட்டிய ஜாரையும் ஆன்ட் ஒரே பொதிக்குள் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

லொக்கிங்கில் இது அடிக்கடி கண்ணில் படும். லொக் எழுத உதவும் எஸ்எல்எஃப்4ஜே 1.7, உண்மையில் எழுதும் பின்னணி லைப்ரரியைத் தேடும் முறையும் 2.0 தேடும் முறையும் வேறு. 2.0 ஜாவாவின் சேர்விஸ்லோடரைப் பயன்படுத்துகிறது, 1.7 க்காகச் செய்த லொக்பேக் 1.2 ஐ அது கண்டுகொள்ளாது. மேவன் பக்கத்தில் 1.7 நின்று, கிரேடில் பக்கத்தில் 2.0 வந்தால், மென்பொருள் விழாது. லொக் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். "நோ எஸ்எல்எஃப்4ஜே புரொவைடர்ஸ் வேர் ஃபவுண்ட்" என்ற வரி தொடக்கத்தில் ஒருமுறைதான் வரும். பிறகு வேறு ஏதாவது உடைந்து லொக்கைத் தேடும்போது அங்கே எதுவும் இருக்காது. விழுகிற பிழையை விட இது எனக்குப் பயம்.

படி 6: மூட்டுகளைத் தட்டிப் பாருங்கள்

இரண்டு கருவி சந்திக்கும் இடங்களில்தான் கசிவு.

மேவனுக்குள் ஆன்ட்ரன் பிளகினால் ஆன்டை ஓட்டினால், மேவன் தன் பட்டியல்களை மேவன்.கொம்பைல்.கிளாஸ்பாத், மேவன்.ரன்டைம்.கிளாஸ்பாத் போன்ற பெயர்களில் பாத் குறிப்பாகக் கொடுக்கிறது. அந்த இடத்திலேயே ரெஃப்ஐடி மூலம் பயன்படுத்தினால் சரியாக இருக்கும். ஆனால் அங்கிருந்து ஆன்ட் டாஸ்கால் இன்னொரு பில்ட் கோப்பைக் கூப்பிட்டால் குறிப்புகள் கூடப் போகாது. இன்ஹெரிட்ரெஃப்ஸை ட்ரூ என்று வைக்க வேண்டும். அல்லது பாத்தை ஒரு பண்பாக மாற்றிவிட்டால், பண்புகள் தானாகக் கடந்து போகும். நான் ஒரு முழு நாளை இதில் இழந்திருக்கிறேன். இன்னொன்று: ஆன்ட்ரன் 3.0.0 இலிருந்து டாஸ்க்ஸ் என்ற பழைய பகுதி நீக்கப்பட்டுவிட்டது. டார்கெட் என்று மாற்றி எழுதுங்கள்.

கிரேடிலுக்குள் ஆன்ட் கோப்பை இம்போர்ட்பில்ட் மூலம் கொண்டுவந்தால், ஓடுவது கிரேடில் தன்னோடு கொண்டுவரும் ஆன்ட். உங்கள் மிசினில் நிறுவிய ஆன்டின் லிப்புக்குள் போட்ட டாஸ்க் ஜார்களை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்குத் தனிக் கொன்ஃபிகரேஷன் ஒன்றை உருவாக்கி, டாஸ்க்டெஃபின் கிளாஸ்பாத்தாக அதன் ஆஸ்பாத்தைக் கொடுங்கள்.

கிரேடிலில் வெளியிட்ட லைப்ரரியை மேவன் பகுதி பயன்படுத்தும்போது வேறொரு சங்கதி. ஏபிஐ என்று எழுதியது போமில் கொம்பைல் ஸ்கோப்பாகும். இம்ப்ளிமென்டேஷன் என்று எழுதியது ரன்டைம் ஸ்கோப்பாகும். உங்கள் பொது மெதட் ஒன்று இன்னொரு லைப்ரரியின் டைப்பைத் திருப்பித் தருகிறது, அந்த லைப்ரரியோ இம்ப்ளிமென்டேஷனில் இருக்கிறது என்றால், மேவன் பக்கம் கொம்பைலிலேயே விழும். கிரேடில் பக்கத்தில் ஏபிஐ என்று திருத்துவதுதான் நேர்மையான வழி. மேவன் போமில் அதே சார்பைத் திரும்ப எழுதி ஒட்டுப்போடுவதை நான் ஏற்பதில்லை. வேர்ஷன் விலகும் அடுத்த இடம் அதுவாகிவிடும்.

பழைய கிளாஸ் கோப்புகளையும் மறக்க வேண்டாம். மேவன் டார்கெட்டுக்குள்ளும் கிரேடில் பில்டுக்குள்ளும் எழுதுகின்றன. ஆன்ட் எங்கே எழுதும் என்பது அந்தக் கோப்பை எழுதியவரின் விருப்பம். ஒன்றின் கிளீன் மற்றதைத் துடைக்காது. மூன்று கோப்புறைகளையும் கையால் அழித்துவிட்டு ஒருமுறை கட்டுங்கள்.

படி 7: இறங்கிய ஜார் முழுமையா?

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது இதை நாங்கள் நன்றாகப் படித்தோம். ஜார் எழுதப்படும்போது மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கலாம். "எரர் இன் ஓப்பனிங் ஸிப் ஃபைல்", "இன்வேலிட் எல்ஓசி ஹெடர்" என்பவை அதன் அடையாளம். சில நேரம் இணைய இணைப்பின் உள்நுழைவுப் பக்கமே ஜார் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். "அன்ஸிப் -டி" கொடுத்து அந்த ஜாரைச் சோதியுங்கள்.

உடைந்திருந்தால், மேவன் இறக்கிய ஜார்களைச் சேமிக்கும் .எம்2 க்குள் அந்த லைப்ரரியின் கோப்புறையை மட்டும் அழியுங்கள். முழுக் களஞ்சியத்தையும் அழிக்கச் சொல்லும் ஆலோசனை டேட்டா எண்ணி எண்ணிப் பாவிக்கும் நமக்குச் சரிவராது. மேவன் தோல்வியடைந்த இறக்கத்தை லாஸ்ட்அப்டேட்டட் கோப்பில் நினைவு வைத்து மீண்டும் முயலாமல் இருக்கும். "-யூ" கொடுத்தால் முயலும். கிரேடிலும் மேவனும் தனித்தனிச் சேமிப்பு வைத்திருப்பதால் ஒன்றில் உடைந்த ஜார் மற்றதில் நன்றாக இருக்கலாம். கிரேடில் கோப்பில் மேவன்லோக்கல் என்று எழுதியிருந்தால் மட்டும் .எம்2 இன் நோய் அங்கேயும் தொற்றும். அவசியமில்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படி 8: ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள்

இனித்தான் திருத்தம். வேர்ஷன்களைத் தீர்மானிக்கும் உரிமை ஒரே ஒரு கருவியிடம் இருக்க வேண்டும். மற்றவை அது தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் புரொஜெக்டில் அந்த உரிமையைக் கிரேடிலுக்குக் கொடுத்தோம்.

லிப் கோப்புறையை ஜிட்டிலிருந்து நீக்கினோம். ரன்டைம்கிளாஸ்பாத்தை லிப்புக்குள் இடும் டாஸ்க் ஒன்றை எழுதினோம். அது கொப்பி வகை அல்ல, சிங்க் வகை. கொப்பி புதியதைச் சேர்க்கும், பழையதை விட்டுவிடும். சிங்க் பட்டியலில் இல்லாததை அழிக்கும். இரண்டு ஜாக்சன் கோர் ஒன்றாக இருந்ததற்குக் காரணமே கொப்பிதான். மேவனைத் தலைமையாக வைப்பவர்கள் "டிபெண்டென்சி:கொப்பி-டிபெண்டென்சிஸ்" பயன்படுத்தலாம். அதற்கு முன் கோப்புறையை வெறுமையாக்குங்கள்.

ஜாக்சன் போன்ற குடும்பங்களுக்கு அதன் பிஓஎம் கோப்பை (குடும்பத்தின் வேர்ஷன்களை ஒன்றாகச் சொல்லும் பட்டியல்) கிரேடிலில் பிளாட்ஃபோர்ம் ஆகவும், மேவனில் டிபெண்டென்சி-மனேஜ்மென்டுக்குள் இம்போர்ட் ஸ்கோப்பிலும் சேர்த்தோம். கோர், டேட்டாபைண்ட், அனொட்டேஷன்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் வேர்ஷன்களில் நிற்கும். மேவன் பகுதியில், விதிகளைச் சோதிக்கும் என்ஃபோர்சர் பிளகினின் டிபெண்டென்சி-கொன்வேர்ஜென்ஸ் விதியைப் போட்டோம். முதல் நாள் அது நிறைய முரண்களைக் காட்டி மிரட்டும், ஒவ்வொன்றாகத் தீருங்கள். கிரேடிலில் ஃபெயில்-ஒன்-வேர்ஷன்-கொன்ஃப்ளிக்ட் இருக்கிறது, ஆனால் அன்றாட வேலைக்கு அது கடுமை. நாங்கள் வெளியிடுவதற்கு முன் மட்டும் ஓட்டுகிறோம்.

ஸ்கிரிப்டில் நட்சத்திரத்தை நீக்கி, கிரேடில் எழுதித் தரும் பட்டியலை வரிசை மாறாமல் போட்டோம். லினக்ஸில் பிரிப்புக் குறி முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. இதையும் டாஸ்கே பார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் ஒரே ஜாராக்க விரும்புவோர் கவனிக்க: மெட்டா-இன்ஃபுக்குள் உள்ள சேர்விசஸ் கோப்புகள் பல ஜார்களில் ஒரே பெயரில் இருக்கும், ஒன்றை மற்றது மூடிவிட்டால் டிரைவர்கள் காணாமல் போகும். மேவன் ஷேடில் சேர்விசஸ்-ரிசோர்ஸ்-ட்ரான்ஸ்ஃபோர்மரும், கிரேடில் ஷடோவில் மேர்ஜ்-சேர்விஸ்-ஃபைல்ஸும் அதற்குத்தான்.

மறுநாள் காலை தம்பி லாப்டொப்பின் ஜாவா.கிளாஸ்.பாத்தை ஒரு கோப்பிலும் சேர்வரினதை இன்னொரு கோப்பிலும் எடுத்து, ஒரு ஜாருக்கு ஒரு வரியாகப் பிரித்து, கோப்புறைப் பாதையை வெட்டி, வரிசையை மாற்றாமல் டிஃப் கொடுத்தார். எதுவும் வரவில்லை. "ஒண்டும் காட்டேல்லை அண்ணா, கட்டளை பிழையோ?" என்று கேட்டார். இல்லை, இரண்டும் ஒன்று என்று அர்த்தம் என்றேன். அந்த டிஃப் இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் தானாக ஓடுகிறது. ஒரு வரி வந்தாலும் பொதி சேர்வருக்குப் போகாது.